ஆறு நாற்பதுக்கு வக்கீல் போடும் சத்தம்

சிங்கப்பூர் பிடோக்கில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் ராமலிங்கம், முப்பத்தொரு வருடங்களில் ஏறக்குறைய இருநூறு முறை திருடியிருக்கிறார். சங்கிலி பறித்திருக்கிறார். குடித்துவிட்டு லாரி ஓட்டியிருக்கிறார். மைத்துனர்கள் பலரைக் கை நீட்டி அடித்திருக்கிறார். இத்தனையையும் திறந்த நீதிமன்றத்தில் நீதிபதியின் முகத்தைப் பார்த்துக் கணீரென்று ஒப்புக்கொண்டும் இருக்கிறார். ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

காரணம், அவர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் தமிழில் "நான்தான் எடுத்தேன்" என்றால், மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் "நான்தான் எடுத்தேன்" என்றே சொல்ல வேண்டும். "அவன்தான் எடுத்தானாம்" என்று நழுவக்கூடாது. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, மெருகேற்றக்கூடாது. கூண்டில் இருப்பவன் அழுதால் மட்டும் அழ வேண்டியதில்லை. ராமலிங்கம் அதையும் இரண்டொரு முறை செய்து பார்த்திருக்கிறார். நீதிபதி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒப்புக்கொள்ளக் குற்றம் கிடைக்கவில்லை. அவர் மனைவி பூவம்மாவுக்குத் தேக்கா சந்தையின் மேல்மாடியில் ரவிக்கை தைக்கும் கடை. காலையில் போனால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவார். பகல் முழுவதும் வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்தித்தாளைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்து அந்த அம்மாள் ஒரு நாள் சொன்னார்:

"ஏங்க, ஒரு நாயாவது வளர்த்துத் தொலைங்களேன். அதுகிட்டயாவது பேசிக்கிட்டு இருக்கலாம்ல?"

சொன்னது கிண்டலுக்கு. ராமலிங்கத்துக்கு வாக்கியத்தின் பொருள்தான் முக்கியம், தொனி இரண்டாம் பட்சம். அடுத்த வாரமே, தெருநாய்களைக் காப்பாற்றி வீடு தேடித்தரும் குழு ஒன்றிடமிருந்து ஒரு நாய் வந்துவிட்டது. துவாஸ் தொழிற்பேட்டையில் பிறந்தது. பழுப்பு நிறம், சுருட்டிய வால், ஒரு காது விறைப்பு, ஒரு காது சரிவு. குழுவினர் வைத்திருந்த பெயர் மைலோ. "மைலோங்கிறது கலக்கிக் குடிக்கிற சாமான். அதைப் போயி ஒருத்தனுக்குப் பேரா வைக்கறதா?" என்று ராமலிங்கம் அதை ரத்து செய்தார். எதைக் கேட்டாலும் சற்று நிதானித்து, கூரையைப் பார்த்து, தொண்டையைச் செருமிவிட்டுத்தான் அந்த நாய் எழுந்து வரும். ஆகவே அதற்கு வக்கீல் என்று பெயரிட்டார்.

ஒப்பந்தத்தில் ஒரு கண்டிப்பு இருந்தது. முதல் மூன்று மாதம் பார்வைக்காலம். அதற்குள் அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்து, அது உண்மை என்று தெரிந்தால், குழு நாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பேச்சு வார்த்தை கிடையாது.

ராமலிங்கம் இதற்கெல்லாம் அஞ்சுபவர் அல்லர். அடுக்குமாடி வீட்டில் நாய்க்கு ஆபத்து அதன் வாயால்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். வக்கீல் குரைக்க வாயெடுத்தபோதெல்லாம் ஒற்றை விரலை உயர்த்தி, "அமைதி!" என்றார். மூன்றே வாரத்தில் நாய் குரைப்பதை விட்டுவிட்டது. தபால்காரர் வந்தாலும் அமைதி, பூனை வந்தாலும் அமைதி. மூத்த வழக்கறிஞர்களாலேயே கடைப்பிடிக்க முடியாத ஒழுக்கம் அது.

ஆனால் குரைப்புப் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

அது நாள்தோறும் மாலை ஆறு நாற்பதுக்கு வரும். எண்ணெய் காணாத கதவுக் கீல் போல ஆரம்பிக்கும். பிறகு ஒரு நீண்ட கொட்டாவி. அதற்குள்ளிருந்து, நாகஸ்வரக்காரர் கச்சேரிக்கு முன் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதுபோல ஒரு பீப்பீ. கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுவதுபோல "அவ்வ்வ்...ரூஊஊ..." என்று ஒரு இழுப்பு. இரண்டு மூன்று நிமிடம். பிறகு நிசப்தம். இரவு எட்டுக்குப் பூவம்மா வரும்போது அது சாப்பாட்டுத் தட்டில் முகம் புதைத்திருக்கும், தலையைக்கூடத் தூக்காது.

அந்த நேரத்தில் ராமலிங்கம் குளியலறையில் இருப்பார். சரியாக ஆறரைக்கு உள்ளே போய், ஏழுக்கு வெளியே வந்து, விபூதி பூசி விளக்கேற்றுவது அவர் வழக்கம். அந்த அரை மணி நேரம் அவருக்குப் புனிதமானது. தண்ணீரைத் திறந்துவிட்டுத் தம்முடைய புகழ்பெற்ற பழைய வழக்குகளில் ஒன்றை மறுபடி நடத்துவார். அரசாங்க வழக்கறிஞரின் கேள்வி, குற்றவாளியின் தமிழ்ப் பதில், அதற்குத் தம்முடைய ஆங்கிலம் என்று மூன்று குரல். குளியலறை ஓடுகள் நீதிமன்றச் சுவர்களைவிட நன்றாக எதிரொலித்தன.

சோப்பு நுரைக்கிடையே நாயின் சத்தம் காதில் விழும்போதெல்லாம் அவர் உருகிப்போவார். தாம் அரை மணி நேரம் கண்ணில் படாததை வக்கீலால் தாங்க முடியவில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கோப்பிக்கடையில் நண்பர் அப்துல் ஹமீதிடம் அதை மொழிபெயர்த்தும் சொன்னார்.

"'ஐயா, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? உங்கள் முகத்தைக் காணாமல் எனக்கு உலகமே இருண்டுவிட்டது. தயவுசெய்து சீக்கிரம் வாருங்கள்.' இதான் அது சொல்றது."

"அவ்வளவு நீளமாவா சொல்லுது?" என்றார் ஹமீது, கோப்பியை ஆற்றிக்கொண்டே.

"நான் கூட்டவுமில்ல, குறைக்கவுமில்ல."

"உள்ள நீங்க கத்துறதை நிப்பாட்டச் சொல்லுதோ என்னமோ, அண்ணே. நாய்க்குக் காது கூர்மை லா."

ராமலிங்கம் அதைப் பதில் சொல்லத் தகுந்த கேள்வியாகக் கருதவில்லை.

இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த மேனுகாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முப்பதைத் தாண்டிய பெண். சிராங்கூன் சாலையில் ஒரு பல் மருத்துவமனையில் தாதி. தினமும் ஆறு நாற்பதுக்கு மின்தூக்கியிலிருந்து இறங்கி, ராமலிங்கத்தின் வாசலைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போவாள். முன்பெல்லாம் பார்த்தால் "ஹலோ அங்கிள்" என்று சிரிப்பாள். சில வாரங்களாகச் சிரிப்பு நின்றுவிட்டது. நாள் முழுவதும் அடுத்தவர் வாயைப் பார்ப்பவளுக்குத் தன் வாயைத் திறக்க அலுப்பாக இருக்கும் என்று ராமலிங்கம் தீர்மானித்தார். அவருடைய தீர்மானங்கள் எப்போதும் உடனுக்குடன் வரும்.

பார்வைக்காலம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது தொலைபேசி வந்தது. நாய்க் குழுவின் சங்கீதா.

"அங்கிள், உங்க மேல ஒரு கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு."

"சத்தம் பத்தியா?"

"சத்தம் இல்ல அங்கிள். நீங்க நாயை டெய்லி அடிக்கிறீங்களாம். ஈவ்னிங் சிக்ஸ் ஃபோர்ட்டிக்கு. நான் வியாழக்கிழமை ஆறு மணிக்கு வரேன். நேர்ல பாக்கணும். உண்மைன்னு தெரிஞ்சா அன்னைக்கே மைலோவை..."

"வக்கீல்."

"வக்கீலை நான் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். சாரி அங்கிள்."

வாழ்க்கையில் இருநூறுக்கு மேற்பட்ட குற்றங்களைத் தயங்காமல் ஒப்புக்கொண்ட மனிதர், செய்யாத ஒன்றுக்காக முதல் முறையாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வக்கீல் வந்து அவருடைய செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்தது. அந்தத் தலை கனமாக இருந்தது.

பூவம்மா வியாழக்கிழமை கடையை அடைத்துவிட்டு மதியமே வந்துவிட்டார்.

"யாரு சொல்லியிருப்பா? இந்த மனுசன் கொசுவை அடிச்சாலே அதுக்கு ரெண்டு மொழியில மன்னிப்புக் கேப்பாரே!"

"பதட்டப்படாத பூவு. வரட்டும். அந்தப் பொண்ணு முன்னாடி நான் குளிக்காம உக்காந்திருப்பேன். நான் கண்ணு முன்னால இருந்தா வக்கீல் வாயே திறக்காது. சத்தமில்லன்னா கேஸில்ல. முடிஞ்சுது."

சங்கீதா ஆறு மணிக்கு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். முதுகில் பை, கையில் படிவம். வந்தவுடன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நாயின் விலா, கால், காது, வயிறு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"காயம் எதுவுமில்ல. ஆனா நல்லா வெயிட் போட்டிருக்கான். என்ன சாப்பாடு?"

"காலையில ஒரு கப், ராத்திரி ஒரு கப். நீங்க எழுதிக்கொடுத்தபடி. ஒரு பருக்கை கூடாது, குறையாது."

"ரெண்டு கிலோ ஏறியிருக்கு, அங்கிள்."

"நிம்மதியா இருந்தா உடம்பு பூரிக்கும்," என்றார் ராமலிங்கம். பூவம்மா தம் கணவரின் எலும்பு துருத்திய விலாவைப் பார்த்தார்.

ஆறரைக்கு சங்கீதா ஒரு நிபந்தனை போட்டாள். "வழக்கமா என்ன நடக்குமோ அதுவே நடக்கட்டும். பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விடுங்க. ஆனா நீங்க உள்ள போக வேணாம். இப்படி சோபாவுக்குப் பின்னால உக்காருங்க. மரக்கதவு திறந்தே இருக்கட்டும், கிரில் கேட் மட்டும் பூட்டியிருக்கட்டும். யாரும் பேசக்கூடாது."

மூன்று பேரும் சோபாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வக்கீல் மூவரையும் சுற்றி வந்து மோந்து பார்த்தது. ராமலிங்கத்தின் மூக்கை ஒரு முறை நக்கியது. அவர் சங்கீதாவை வெற்றிப் பார்வை பார்த்தார்.

ஆறு முப்பத்தொன்பது. தாழ்வாரத்தின் கோடியில் மின்தூக்கி "டிங்" என்றது.

வக்கீலின் விறைத்த காது மேலும் விறைத்தது. சரிந்த காதும் எழுந்தது. ராமலிங்கத்தை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிரில் கதவுக்கு ஓடியது. முன்னங்கால்களை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, உடம்பு முழுவதையும் பாம்பு போல நெளித்தது. முதலில் கதவுக் கீல். பிறகு கொட்டாவி. பிறகு சீவாளி. "அவ்வ்வ்...ரூஊஊ..."

வாசலில் காலணிச் சத்தம் நின்றது. யாரோ குந்தி உட்காரும் சத்தம்.

"பாவம்டா குட்டி... இன்னைக்கும் அடிச்சிட்டாரா உன்னை? வலிக்குதா? இந்தா, சாப்பிடு. அழாத, அழாத. அக்கா கம்ப்ளெயிண்ட் பண்ணியாச்சு. கொஞ்ச நாள்தான். இந்தா, இன்னொண்ணு."

மொறுமொறுவென்று பிஸ்கட் உடைபடும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது பிஸ்கட்டில் பூவம்மாவால் பொறுக்க முடியவில்லை. சோபாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தார்.

"ஏம்மா மேனுகா!"

மேனுகா "அம்மாடி!" என்று பின்னால் சாய்ந்து தாழ்வாரச் சுவரில் முட்டிக்கொண்டாள். பிஸ்கட் பொட்டலம் கையிலிருந்து விழுந்தது. சோபாவுக்குப் பின்னாலிருந்து அடுத்து ஒரு பெண்ணும், அதற்கடுத்து ராமலிங்கமும் எழுந்ததைப் பார்த்து அவள் வாய் இன்னும் பெரிதாகத் திறந்தது.

"அங்கிள், நீங்க... உள்ள தண்ணி ஓடுது?"

"தண்ணிதான் ஓடுது. நான் இங்கதான் இருக்கேன்," என்றார் ராமலிங்கம். "உள்ள வாம்மா. உக்காரு. நான் இந்த நாயை அடிச்சதை நீ பார்த்தியா?"

மேனுகா உள்ளே வந்தாள். உட்காரவில்லை. பயந்தவளாகவும் தெரியவில்லை.

"பாக்கல. கேட்டேன். ரெண்டு மாசமா டெய்லி கேக்குறேன். நான் லிஃப்ட்ல இருந்து வரும்போதே இவன் அழ ஆரம்பிக்கிறான். காதை மடக்கிக்கிட்டு, உடம்பெல்லாம் நடுங்கி, தரையோட தரையாப் படுத்துக்கிட்டு கேட்டுக்கு ஓடிவரான். உள்ளேயிருந்து நீங்க கத்துறீங்க. 'ஏன் செஞ்சே? யார் சொல்லிச் செஞ்சே? பதில் சொல்!'னு. நாய் என்ன அங்கிள் பதில் சொல்லும்?"

"அது வந்து..."

"அது மட்டும் இல்ல. போன மாசம் நீங்களே ஒத்துக்கிட்டீங்க. 'நான்தான் அடிச்சேன். மட்டையாலதான் அடிச்சேன். மூணு அடி. அவன் அழுதான், அதுக்கப்புறமும் அடிச்சேன்'னு சத்தம் போட்டுச் சொன்னீங்க. முதல்ல தமிழ்ல. ஒருவேளை எனக்குத் தமிழ் சரியாப் புரியலையோன்னு நினைச்சேன். உடனே இங்கிலீஷ்லயும் சொன்னீங்க!"

சங்கீதா படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். ராமலிங்கம் முதல் முறையாக ஒரு சாட்சியின் முன்னால் வியர்த்தார். பூவம்மாவோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பு தோள் வழியாக வெளியே வந்தது.

"ஐயோ, அது பூப்பந்து மட்டை கேஸும்மா! மச்சானை அடிச்சவன் ஒருத்தன். இவரு அவனுக்கு மொழிபெயர்த்தாரு. அதைக் குளிக்கிறப்ப ஓட்டிப் பாப்பாரு. கோர்ட்டுல 'நான்'னுதான் சொல்லணுமாம். கல்யாணம் ஆன புதுசுல பாத்ரூம்லேருந்து 'என் பொண்டாட்டியைக் கொல்லப்போறேன்'னு சொன்னாரு. நானே பையைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டேன்."

"அது மிரட்டல் வழக்கு. எட்டு மாசம் போட்டாங்க," என்றார் ராமலிங்கம். எட்டு மாதம் யாருக்கு என்பதைச் சொல்லாததால் மேனுகாவின் பார்வை மறுபடி கடுமையானது.

சங்கீதா நாயின் அருகே மண்டியிட்டாள். "இவன் அழலை, மேனுகா. நாய்க்கு ஆனந்தம் அளவுக்கு மேல போச்சுன்னா அது எங்கே போகும்? பாதி வாலுக்கு, பாதி காலுக்கு. மிச்சம் தொண்டைக்குத்தான் வரும். சும்மா விட்டா குரைச்சுத் தீர்த்திடும். அங்கிள் குரைக்கக்கூடாதுன்னு நல்லாப் பழக்கிட்டார். அதனால குரைப்பை உள்ளேயே பிடிச்சுவைக்கப் பாக்குறான். குக்கர் மாதிரி லா, மூடியை அழுத்தினா விசில் எப்படியும் வரும். இந்த முனகல், கொட்டாவி, பீப்பீ எல்லாம் அந்த விசில்தான். காதை மடக்குறது, நெளியுறது எல்லாம் 'வா வா'ன்னு கெஞ்சுறது. பயந்த நாய் கேட்டுக்கு ஓடி வராது. கட்டிலுக்கு அடியில போயிடும்."

"ஆனா முதல் நாள் நான் பிஸ்கட் எதுவும் கொடுக்கலையே? அன்னைக்கும் சத்தம் போட்டானே?"

"யாரோ வராங்கன்னு சும்மா கொஞ்சம் போட்டிருப்பான். நீங்க பாவம்னு ஒரு பிஸ்கட் கொடுத்தீங்க. மறுநாள் உங்க காலடியைக் கேட்டதும் கொஞ்சம் அதிகமாப் போட்டான். ரொம்ப அடி போலன்னு நீங்க ரெண்டு கொடுத்தீங்க. இப்ப அஞ்சு. ரெண்டு கிலோவும் அப்படி ஏறினதுதான்."

மேனுகா பொட்டலத்தைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். ஆனால் பல் மருத்துவமனைத் தாதி அவ்வளவு சுலபத்தில் விடமாட்டாள். ஆடும் பல்லை அசைத்துப் பார்க்காமல் அவள் விட்டதில்லை.

"சரி, அடிக்கலைன்னே வச்சுக்குவோம். ஒண்ணு கேக்குறேன். உண்மையைச் சொல்லணும், அங்கிள். இத்தனை சந்தோஷமான சத்தம் எனக்குப் போடுறானே, உங்களுக்கு ஒரு தடவையாவது போட்டிருக்கானா? போடலைன்னா இந்த வீட்டுல அவனுக்கு என்ன சந்தோஷம்?"

குளியலறைத் தண்ணீர் மட்டும் ஓடியது. சங்கீதாவின் பேனா படிவத்தின் மேல் நின்றது.

"ஆமாம், தினமும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாராலும் பொய்யென்று நிரூபிக்க முடியாது. பூவம்மா கண்ணாலேயே "சொல்லுங்க" என்றார். ராமலிங்கம் நாயைப் பார்த்தார். அது பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லை," என்றார் ராமலிங்கம், நிமிர்ந்து நின்று, நீதிமன்றக் குரலில். "எனக்கு ஒரு தடவைகூடப் போட்டதில்லை. எனக்காகத்தான் போடுதுன்னு இத்தனை நாள் நினைச்சேன். தப்பு. இது இந்தப் பொண்ணுக்குப் போட்ட சத்தம். அப்படியே எழுதிக்குங்க."

பூவம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். சங்கீதா எழுதவில்லை.

"அங்கிள், நீங்க கடைசியா எப்ப தனியா வெளியே போனீங்க? நாய் இல்லாம?"

ராமலிங்கம் யோசித்தார். பேரங்காடிக்கு நாயோடு போய் வெளியே கட்டிவைத்துவிட்டு, கண்ணாடி வழியாக அதற்குக் கையசைத்தபடி அரிசி வாங்குகிறார். கோப்பிக்கடைக்கு நாயோடு. தபால்பெட்டிக்கு நாயோடு. "ஜூன் மாசம் ரத்தம் எடுக்க பாலிகிளினிக் போனேன். அன்னைக்கு இது இன்னும் வரல."

"அப்ப நீங்க இவனை விட்டுப் போனதே இல்லை. போகாதவங்க எப்படி அங்கிள் திரும்பி வர முடியும்? இது வர்றவங்களுக்கான சத்தம்." அவள் மணியைப் பார்த்தாள். "கீழே போய் அரை மணி நேரம் கழிச்சு வாங்க. பிஸ்கட் கிடையாது. மேனுகா இங்கேயே இருக்கட்டும். பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

ராமலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாக இறங்கினார். கீழ்த்தளத்தில் கல் மேசை அருகே உட்கார்ந்தார். சீனக் கிழவர்கள் இருவர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் நான்கு முறை காலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். அங்கே தலை எதுவும் இல்லை. வக்கீல் இப்போது என்ன செய்யும்? ஒருவேளை தூங்கும். ஒருவேளை மேனுகாவின் மடியில். சத்தம் வராவிட்டால் சங்கீதா படிவத்தில் என்ன எழுதுவாள்? எதை எழுதினாலும் சரியாகத்தான் எழுதுவாள் என்று தோன்றியது. எழுந்து ஒன்பதாவது மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். ஆனாலும் பத்தொன்பதாவது நிமிடத்தில் அவருக்குத் தன்னம்பிக்கை திரும்பி வந்துவிட்டது. எதிரில் ஆடிய கிழவரிடம் குதிரையை எங்கே நகர்த்துவது என்று சொல்லிக்கொடுத்தார். கிழவர் தோற்றார்.

சரியாக முப்பதாவது நிமிடம் மின்தூக்கி ஒன்பதாவது மாடியில் திறந்தது. ராமலிங்கம் ஓரடி எடுத்து வைத்தார்.

கதவுக் கீல் கேட்டது.

இரண்டாவது அடியில் கொட்டாவி. மூன்றாவதில் சீவாளி. தாம் நிதானமாக நடப்பதாகத்தான் அவர் நினைத்தார். மற்றவர்கள் பார்த்தது அறுபத்திரண்டு வயது மனிதர் ஒருவர் தாழ்வாரத்தில் ஓடி வருவதை. வக்கீல் கிரில் கதவை முட்டிக்கொண்டு, நெளிந்து, சுழன்று, தன் வாலையே ஒரு முறை கடித்து, மேனுகாவுக்குக் கிடைத்ததைவிட ஒன்றரை மடங்கு நீளமாக "அவ்வ்வ்வ்...ரூஊஊஊ...வ்வ்வ்ரூஊஊ..." என்று இழுத்தது. கடைசியில், இத்தனை மாதப் பயிற்சியையும் மீறி, ஒரு குரைப்பு குரைத்தும் விட்டது. ராமலிங்கத்தின் விரல் உயரவில்லை.

"என்னா சொல்லுது?" என்று கத்தினார் பூவம்மா.

"'எங்கே போயிருந்தே?'ன்னு கேக்குது!"

"அதைத்தான் நானும் கேக்குறேன். அரை மணி நேரம்னா அரை மணி நேரமேவா உக்காந்திருப்பீங்க? பாதியில வந்திருக்கலாம்ல!"

மேனுகா சங்கீதாவின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். சத்தத்தில் காதில் விழவில்லை.

"என்ன?"

"வாபஸ் வாங்குறேன்!"

"கேக்கல!"

"கம்ப்ளெயிண்ட்டை வாபஸ் வாங்குறேன்னு எழுதுங்க! இனிமே ஒரு பிஸ்கட்தான், அதுவும் இவர் கண்ணு முன்னாலதான்! ஆனா பாத்ரூம் கேஸெல்லாம் கதவைச் சாத்திட்டு நடத்தச் சொல்லுங்க!"

சங்கீதா படிவத்தில் ஒரு கட்டத்தில் அடையாளமிட்டாள். நாய் இங்கேயே இருக்கும் என்று வாயசைத்துக் காட்டினாள். ராமலிங்கம் கிரில் கதவைத் திறந்ததும் வக்கீல் அவர் மேல் பாய்ந்து, அவரையும் சேர்த்துத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து, இன்னொரு முறை முதலிலிருந்து ஆரம்பித்தது.

மூன்று வீடு தள்ளி ஒரு கதவு திறந்தது. ஒரு சீனப் பாட்டி எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அக்கறை தெரிந்தது. கையில் தொலைபேசி இருந்தது.

சங்கீதா எழுந்து ஓடி வந்து, நாயை ஒரு கையாலும் ராமலிங்கத்தை ஒரு கையாலும் உள்ளே இழுத்து, மரக்கதவைச் சாத்தினாள்.